எருக்குழிப் புழு தென்னை வேரைத் தின்னுமா?

கேள்வி: எருக்குவியலைக் கிளறியபோது, பழுப்புத் தலையும் வளைந்த வெண்ணிற உடலும் கொண்ட பருத்த புழுக்கள் கிடைத்தன. இவை காண்டாமிருக வண்டின் புழுக்களாயின், தென்னையின் வேரையும் தின்னுமா?

மறுமொழி 1: தின்னா. மட்கிய எருவும் இற்றுப்போன மரத்தண்டுமே இவற்றின் உணவு. கூட்டுப்புழுப் பருவத்தைக் கடந்து வெளிவரும் வண்டுதான், இரவில் பறந்து சென்று, விரியாத குருத்தைத் துளைத்து அதன் சாற்றை உறிஞ்சுகிறது. பின்னர் அக்குருத்து விரியும்போது, ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரிவது இதனால்தான்.

மறுமொழி 2: வெண்புழுக்கள் அனைத்தும் இவ்வண்டினுடையவை அல்ல. தரையில் விட்டதும் மல்லாந்து முதுகால் ஊர்பவை பூவண்டின் புழுக்கள். பெரும்பாலும் மட்கையே தின்னும் அவற்றைக் கொல்வது, என் கருத்தில், வீண் வேலை.

கேள்வி கேட்டவர்: மல்லாந்து ஊரவில்லை, விரல் நீளம் இருக்கின்றன.

மறுமொழி 1: அவ்வாறாயின் இப்புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை எருவில் கலந்து, ஈரம் குறையாமல் காத்து வாருங்கள்.