புதுச்சேரியில் பழைய வீடு: வாங்கும் முன் யாரிடம் காட்டுவது?

கோவைக்காரி:
கோவையிலிருந்து புதுச்சேரிக்குக் குடிபெயர்கிறோம். வைசியாள் வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. திண்ணை, முற்றம், தேக்குத் தூண்கள், மேலே மெட்ராஸ் டெரஸ். புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கிறது. "எங்க இன்ஜினியர் பார்த்துட்டார், பயமே வேண்டாம்" என்கிறார் தரகர். என் தம்பி அபார்ட்மென்ட் கட்டும் இன்ஜினியர். அவனைக் கூட்டிவந்து காட்டினால் போதுமா, உள்ளூர் ஆள்தான் வேண்டுமா?

உப்புக்காற்று:
தம்பியை அழைத்து வாருங்கள், துணைக்கு. தீர்ப்பை அவரிடம் விடாதீர்கள். கம்பியும் கான்கிரீட்டும் படித்தவர் மெட்ராஸ் டெரஸைப் பார்த்தால் ஒன்று "இடித்துவிடு" என்பார், இல்லை விரிசலில் சிமென்ட் பூசச் சொல்வார். அந்தக் கூரையில் கம்பியே கிடையாது. உத்தரத்தின் மேல் மரக்கட்டைகள், அவற்றின் மேல் சின்ன அச்சுக்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. ஓட்டு இடுக்கில் இறங்கும் தண்ணீர் கட்டையின் நுனிக்குத்தான் போகும். அந்த நுனி சுவருக்குள் புதைந்திருப்பதால், நடுக்கட்டை கல் மாதிரி இருக்கும்போதே உள்ளே மக்கியிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் சுவரை ஒட்டிய இடத்தில்தான் முதலில் தட்டிப் பார்ப்பார், திருப்புளியால் குத்தியும் பார்ப்பார்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்துத் திரும்ப வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசியிருந்தால் வழி அடைபட்டு ஈரம் மேலே ஏறும், உப்புப் பூக்கும், காரை பொரிந்து விழும். இங்கே கடலும் பக்கத்தில். புது வெள்ளை என்றாலே எனக்குச் சந்தேகம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள், ஏப்ரலில் எல்லா வீடும் அழகு. கடற்கரையில் இருந்த மேரி கட்டடமே (பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம்) 2014 நவம்பர் மழையில்தான் சரிந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள்.

தரகர் அனுப்பும் ஆள் வேண்டவே வேண்டாம். வங்கியிலிருந்து வருபவர் கடனுக்கு மதிப்புப் போடுவார், கட்டை மக்கியதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. பழைய கட்டடங்களைப் புதுப்பித்த அனுபவமுள்ள ஒரு ஆர்க்கிடெக்டுக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான இன்டாக்கின் அலுவலகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். அந்த வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

மேஸ்திரி மகன்:
மேலே சொன்னது சரி, ஒன்றே ஒன்று. அறிக்கை கொடுப்பவருக்கே ரிப்பேர் வேலையையும் கொடுக்காதீர்கள். அப்பா தொழிலைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், வேலை வேண்டும் என்றால் விரிசல் தானாகப் பெரிதாகிவிடும். அப்புறம், பக்கத்து வீட்டுடன் பொதுச்சுவரா என்று பாருங்கள். அவர் நாளைக்கு இடித்து அடுக்குமாடி கட்டினால் உங்கள் கட்டைகள் எதில் உட்காரும்? முற்றத்துத் தண்ணீர் எங்கே வெளியேறுகிறது என்று ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

கோவைக்காரி:
நன்றி. வீட்டுக்காரரிடம் கேட்டேன். சுவரைச் சுரண்டக் கூடாதாம், மற்றபடி எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாமாம். தாழ்வாரத்தில் மட்டும் பொய்க்கூரை போட்டிருக்கிறார்கள்.

உப்புக்காற்று:
அப்படியா! சுவர் கிடக்கட்டும், அந்தப் பொய்க்கூரையில் முற்றத்தை ஒட்டிய பலகை ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். டார்ச் எடுத்துப் போங்கள். கட்டையில் கரையான் மண் கோடு தெரிந்தால் ஒரு படம் பிடித்து இங்கே போடுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.