மறு: ஐலெட், பிராட், சார்ம் – தமிழில் என்ன சொல்லலாம்?

> மூன்றுக்கும் சேர்த்து ‘உலோக அலங்காரப் பொருள்’ என்று வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம். நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில் பொதுத் தலைப்புக்கு அது போதும்; ‘உலோக அணி’ என்று சுருக்கினால் இன்னும் நல்லது. ஆனால் ஸ்கிராப்புக் (படங்களை ஒட்டி அலங்கரிக்கும் ஏடு) செய்முறை எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே இடிக்கும். ஐலெட்டைத் துளையில் செருகிச் சுத்தியலால் தட்ட வேண்டும், பிராடின் இரண்டு கால்களையும் விரிக்க வேண்டும், சார்மை வளையத்தில் கோத்துத் தொங்கவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் எதைத் தட்டுவார்? பொருத்தும் விதத்தை வைத்தே பெயரிடுவோம் என்பது என் கட்சி.

ஐலெட்டுக்குக் ‘கண்ணி’ என்றால் வலைதான் நினைவுக்கு வருகிறது. ‘துளைவளையம்’ என்றால் சார்ம் கோக்கும் வளையத்தோடு குழம்பும். நான் முன்வைப்பது ‘துளைப்பூண்’. உலக்கைக்கும் கைத்தடிக்கும் போடுகிறோமே, அதே பூண்தான். அங்கே மரம் பிளக்காமல் காக்கிறது, இங்கே துளையின் ஓரம் கிழியாமல் காக்கிறது. பூண் என்றால் அணிகலன் என்ற பழைய பொருளும் உண்டு என்பதால், வெறும் அழகுக்காகப் பக்கத்தில் பதிப்பதற்கும் பொருந்தும். ‘பூண் கட்டுதல்’ என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. எழுதிப் பார்த்தேன்:

“அட்டையில் 3 மி.மீ. துளையிட்டு, துளைப்பூணை முன்பக்கமிருந்து செருகுங்கள். அட்டையைக் கவிழ்த்து, பூணின் குழல்வாயில் கூம்புமுனைக் கம்பியை நிறுத்தி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். குழலின் விளிம்பு பிளந்து, பூவிதழ்போல வெளிப்புறம் சுருண்டு அட்டையைக் கவ்விக்கொள்ளும்.”

எங்கும் தடுக்கவில்லை. பின்பக்கம் தனி வளையத்தோடு வரும் கிராமெட்டை ‘இரட்டைப்பூண்’ எனலாம்.

> பிராடுக்குத் ‘தறையாணி’?

அது ரிவெட். அடித்தால் அடித்ததுதான், கழற்ற முடியாது. பிராடின் இரண்டு கால்களையும் நிமிர்த்திவிட்டால் மறுபடி உருவலாம். அலுவலகக் காகிதங்களைச் சேர்த்துக் கட்டத்தான் இது முதலில் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கில் 1866-இல் காப்புரிமை பெற்ற பித்தளைச் சாமான். ‘கவையாணி’ என்கிறேன். உண்டிவில்லுக்குக் கவை (இரண்டாகப் பிரியும் கிளை) வெட்டியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

> கடையில் போய்க் கவையாணி கேட்டால் சிரிப்பார்கள்.

கடையில் பிராட் என்றே கேளுங்கள், யார் தடுத்தார்கள்? நாம் தொகுப்பது தமிழில் செய்முறை படிப்பவருக்கு.

டார்னிஷ் (உலோகத்தின் மேற்பரப்பு நிறம் மாறி மங்குவது) என்பதற்குப் பட்டியலில் ‘களிம்பு’ இருக்கிறது. செம்புக்கும் பித்தளைக்கும் சரி. வெள்ளிக்குக் களிம்பு ஏறாது, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். ‘கறுத்தல்’ என்று தனிப் பதிவாகப் போடுங்கள். கூடவே ஒரு குறிப்பும் சேர்த்தால் நல்லது: ஏட்டை மூடினால் உலோகம் எதிர்ப்பக்கத்துப் படத்தில் அழுந்தும், விரிந்த கவைக்கால்கள் பின்னாலிருக்கும் படத்தைக் கீறும். அந்தக் கால்களின் மேல் அமிலமற்ற தாளை ஒட்டி மறைக்க வேண்டும்.

சார்ம்தான் பாக்கி. ‘தொங்கட்டான்’ எனக்குப் பிடித்த சொல். காதணி என்று நினைத்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். அது பெரிய தடையில்லை. ஆனால் பலர் சார்மைக் கோக்காமல் பசை தடவித் தட்டையாக ஒட்டிவிடுகிறார்கள். அப்போது அது தொங்கவே தொங்காது, பொருத்தும் விதத்தை வைத்துப் பெயரிடும் என் விதியும் அங்கே படுத்துவிடுகிறது. ‘சிற்றுரு’ என்றால் ஒட்டினாலும் தொங்கினாலும் செல்லும், ஆனால் உலோகம் என்பது தெரியாது. வேறு சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்; அதுவரை பட்டியலில் ‘சார்ம்’ என்றே இருக்கட்டும்.