ஒலோயின் பயறில் வண்டு, எப்படி நுழைந்தது?

லாகோஸ்_புதுசு:
நைஜீரியாவுக்கு, லாகோஸுக்கு வந்து 4 மாதம். சந்தையில் ஒலோயின் பயறு ஒரு பெயின்ட் வாளி அளந்து வாங்கினேன். நம்ம தட்டைப்பயறு ஜாதிதான், ஆனா தேன் மாதிரி ஒரு தித்திப்பு. டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். மூன்றாம் வாரம் திறந்தா பாதிப் பயறில் ஓட்டை, வண்டு ஓடுது. மூடின டப்பாவுக்குள்ள எப்படி? குக்கரில் 4 விசில் விட்டதும் கூழாப் போச்சு.

இபாடன்_அக்கா:
தம்பி, வண்டு நுழையல, நீங்கதான் காசு கொடுத்து வாங்கி வந்தீங்க! பயறு மேல வெள்ளைப் புள்ளியா ஒட்டியிருக்கிறது முட்டை. புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, வண்டா வெளியே வரும்போதுதான் ஓட்டை தெரியும். அந்த மூணு வாரக் கணக்கு சரிதான்.

போடிஜா சந்தையில் வாங்கி வந்த அன்னிக்கே பொறுக்கிடுவேன். முன்னெல்லாம் ஒரு வாரம் ஃப்ரீசர். கரண்ட் போற போக்குக்கு அதை நம்பி ஒரு தடவை மொத்தமா இழந்தேன். இப்போ நல்லாக் காய்ந்த தண்ணி பாட்டிலில் கழுத்து வரை தட்டித் தட்டி நிரப்பி, மூடியை இறுக்கிடுறேன். உள்ளே காத்துக்கு இடமே இருக்கக் கூடாது. இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்ததும் பூச்சி தின்கிறதை நிறுத்திச் செத்துடும். உங்க டப்பா பாதி காலியா இருந்திருக்கும்.

கூழா? எவா அகோயின்னு, மசிச்ச பயறு மேல காரக் குழம்பு ஊத்திச் சாப்பிடுற இந்த ஊர்ச் சாப்பாடு, அதுக்குக் கூழாத்தான் வேணும். பனை எண்ணெயை நிறம் மாறக் காய்ச்சி, வெங்காயம் கருக வதக்கி, இடிச்ச வத்தல் மிளகாய் போட்டு மேலே ஊத்துங்க. கூட அகேகே ரொட்டி, லாகோஸ் பக்கத்து மெத்து ரொட்டி. முழுசா வேணும்னா குக்கரே வேண்டாம், ஒலோயின் திறந்த பானையிலேயே சீக்கிரம் வெந்துடும்.

கானோ_அண்ணாச்சி:
மூட்டைக் கணக்கில் வாங்கினா பிக்ஸ் பை கேளுங்க. வெளியே சாக்கு, உள்ளே ரெண்டு பாலித்தீன் பை, ஒவ்வொண்ணையும் தனித்தனியாக் கட்டணும். 1980களில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகவே ஆரம்பிச்ச முறை. பூச்சிமருந்து மட்டும் தூவிடாதீங்க. பயறில் டைக்ளோர்வாஸ்ங்கிற பூச்சிமருந்தைக் கலக்கிற பழக்கம் இங்கே உண்டு, அது ஆபத்து. அந்த மருந்தைத் தப்பாப் பயன்படுத்துறதால 2019இல் நாஃப்டாக் (நைஜீரிய உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அதன் சின்ன பாட்டில் விற்பனைக்குத் தடை போட்டது.

லாகோஸ்_புதுசு:
ஓட்டை விழுந்ததை என்ன செய்ய? தூக்கிப் போட மனசு வரல.

இபாடன்_அக்கா:
தண்ணியில் கொட்டுங்க. மிதக்கிறது கோழிக்கு. அடியில் தங்கினதை ஊறவெச்சு, தோலைக் கசக்கி எடுத்து, அட்டா ரோடோங்கிற இந்த ஊர்க் கடுங்கார மிளகாயோட அரைச்சு அகராவா, அதாவது பயறு வடையாப் பொரிங்க. மாவை நல்லா அடிச்சுப் பொங்க வைக்கணும், இல்லேன்னா கல்லு. மிளகாய் ஒண்ணே ஒண்ணு போதும் தம்பி, நம்ம ஊர் வீரமெல்லாம் அதுகிட்ட வேண்டாம்.