ராஜேந்திரன் வந்தால் முதல் ராத்திரியே ஆட்டம் முடிந்துவிடுகிறது, எதை மாற்ற வேண்டும்?

பீடோங்_பகடை:
'ஃபேட்' என்ற ஜப்பானியக் கதைத் தொடரின் விதிகளை வைத்துப் பகடை ஆட்டம் ஓட்டுகிறோம். களம் கெடா மாநிலத்துப் பீடோங், ஏழு மாஸ்டர் (அழைக்கும் மந்திரவாதி), ஏழு செர்வண்ட் (அவருக்காகச் சண்டை போடும் வீர ஆவி). ஒருவர் பக்கத்துத் தொல்லியல் தளமான சுங்கை பத்துவின் செங்கலை அழைப்புப் பொருளாகக் காட்டி ராஜேந்திர சோழனை சேபராக (வாள்வீரன் வகுப்பு) இறக்கினார். எல்லாத் தகுதியும் ஏ. விடிவதற்குள் மூன்று பேர் அவுட். இதில் "எல்லாரையும் ஜெயிச்சுக் கொடு" என்று ஒரு கமாண்ட் ஸ்பெல் (செர்வண்டைக் கட்டாயப்படுத்த மாஸ்டர் கையில் இருக்கும் முத்திரை) வேறு. செல்லுமா? எங்கே தப்பு?

ஜெராய்_அடிவாரம்:
தப்பு வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. 1025-இல் கடல் கடந்து கடாரத்தை (இன்றைய கெடா) அடித்தவனுக்கு ரைடர் (ஊர்தி ஓட்டும் வீரன்) வகுப்புதான் பொருத்தம். மெய்க்கீர்த்தியே 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்றுதானே பேசுகிறது? அந்தக் கப்பற்படையை நோபிள் ஃபேண்டசமாக (வீரனின் உச்ச ஆயுதம்) வையுங்கள், அதற்கு மட்டும் ஏ. உடல் பலம் சி போதும்.

ஏ என்றால் 50, பி 40, சி 30, டி 20, இ 10. கூட்டல் குறி இருந்தால் அந்த மதிப்பு ஒரு கணம் இரட்டிக்கும், அவ்வளவுதான். அதை நிரந்தரமாகக் கூட்டிவிட்டால் கணக்கு கெட்டது.

புகழுக்கும் பலம் உண்டு. ஜப்பானில் ஐரிஷ் புராண வீரன் கூ ஹூலினைத் தெரிந்தவர் குறைவு, அதனால் அங்கே அவன் பலமும் குறைவு. பீடோங்கில் ராஜேந்திரன் பெயர் தெரியாத தமிழர் யார்? ஒரே ஒரு தகுதியை ஒரு படி ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கப்பல் இறக்க வேண்டுமென்றால் மெர்போக் கழிமுகத்துக்குப் போகட்டும். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் கலம் ஓடாது லா.

மூன்று_முத்திரை:
அந்தக் கட்டளை செல்லும், ஆனால் பிசுபிசுத்துப் போகும். கமாண்ட் ஸ்பெல் மூன்றுதான். குறுகிய, குறிப்பான கட்டளைக்குத்தான் முழு வேகம். "இப்போதே என் பக்கத்தில் வந்து நில்" என்றால் தூரத்தில் இருந்தும் வந்து நிற்பான். "எப்போதும் கீழ்ப்படி" மாதிரி நீட்டினால் பலம் கரைந்துவிடும். மூலக் கதையில் ரின் என்ற மாஸ்டர் தன் செர்வண்ட் ஆர்ச்சரிடம் (வில்வீரன் வகுப்பு) அப்படித்தான் சொன்னாள். அவள் திறமைசாலி என்பதால் மீறினால் அவன் பலம் ஒரு படி இறங்கும் அளவுக்காவது பலித்தது. உங்கள் ஆள் விஷயத்தில் அடுத்த ஒரு பகடை வீச்சுக்கு மட்டும் 2 புள்ளி கொடுத்து முத்திரையை அழித்துவிடுங்கள்.

தோரண_வாசல்:
யாரும் செங்கலைக் கவனிக்கவில்லையே! சுங்கை பத்து இரும்பு உருக்கிய இடம். அங்கே கிடைப்பது செங்கல், கசடு, காற்று ஊதும் மண்குழல். அதில் ராஜேந்திரன் கை பட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அழைப்புப் பொருள் ஆளைக் குறிக்க வேண்டும். ஆர்தரின் வாளுறை ஆர்தரைத்தான் அழைக்கும். வட்ட மேசைத் துண்டு என்றால் அதில் உட்கார்ந்த எவரும் வரலாம், மாஸ்டர் குணத்துக்கு யார் நெருக்கமோ அவர் வருவார். செங்கலுக்கு அந்தப் பிடிப்பும் இல்லை, பொருளே இல்லாமல் அழைத்த கணக்குத்தான்.

மெய்க்கீர்த்தியில் அவன் கடாரத்தில் கொண்ட விச்சாதிரத் தோரணம் வருகிறது. ஆட்டத்தில் அதன் துண்டைக் கொடுங்கள். ஆனால் அது கொண்டவனுக்கு மட்டுமா சொந்தம்? இழந்த சங்கிராம விசயோத்துங்கவர்மனுக்கும்தான். பகடையில் 1 முதல் 3 என்றால் கடாரத்தரசன், 4 முதல் 6 என்றால் சோழன். பறிகொடுத்த ஆத்திரம் உள்ள மாஸ்டராக இருந்தால் 1 கழியுங்கள். ஆட்டமே வேறு ருசி பிடிக்கும்.

நிஜச் செங்கலை மட்டும் யாரும் எடுத்து வந்துவிடாதீர்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 இருக்கிறது.

பீடோங்_பகடை:
நன்றி அண்ணே. மானாவை (மந்திர சக்தி) எப்படிக் கட்டுப்படுத்துவது? இன்னொன்று, தோட்டத்து முனியாண்டியை இறக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

மூன்று_முத்திரை:
சாமி வராது. செர்வண்டை இறக்கும் சாதாரணக் கிரெயில் (புனிதக் கிண்ணம்) சடங்கு வீர ஆவிகளைத்தான் அழைக்கும், தெய்வத்தை அல்ல. கோயிலை காஸ்டருக்கு (மந்திரவாதி வகுப்பு) கொடுங்கள், தன் இடத்தை அமைத்துக்கொள்வது அந்த வகுப்பின் திறன்.

மானாவுக்கு வீட்டு விதி: மாஸ்டருக்கு ராத்திரிக்கு 20. உருவோடு நிற்க 2, சண்டைக்கு 5, நோபிள் ஃபேண்டசத்துக்கு 14. உருவைக் கலைத்து ஆவியாக இருந்தால் செலவு இல்லை. மாஸ்டர் செத்தால் செர்வண்ட் சீக்கிரம் கரைந்துவிடுவான். ஆர்ச்சர் விதிவிலக்கு, தனித்தியங்கும் திறன் பி இருந்தால் 2 நாள் தாங்குவான்.

ஜெராய்_அடிவாரம்:
ஆர்ச்சரை அவசரப்பட்டு அட்டையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அந்த 2 நாளுக்குள் செர்வண்டை இழந்த மாஸ்டர் எவராவது அவனோடு புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.