கலைச்சொல்: ‘ரிஸ்க் ஃபேக்டர்’ – ஆபத்துக் காரணியா, இடர்கூட்டியா, இடர்க்கூறா?

குழுவினருக்கு வணக்கம்.

குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் கண்நோய் (ரெட்டினோபதி ஆஃப் ப்ரிமெச்சூரிட்டி, சுருக்கமாக ஆர்.ஓ.பி.) பற்றிய பெற்றோர் கையேட்டுக்காக ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்று வந்த இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ஆபத்துக் காரணி என்றே வைத்துக்கொள்ளலாம். நாளிதழ்களில் பழகிப்போன சொல்தானே.

மாரடைப்பைப் பற்றிய கட்டுரை என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர், பிள்ளை இன்குபேட்டரில் இருக்க வெளியே காத்திருக்கும் தாய். ‘காரணி’ என்பதை அவர் ‘காரணம்’ என்றுதான் படிப்பார். கையேட்டில் வரும் ரிஸ்க் ஃபேக்டர் பட்டியலில் முதலில் நிற்பவை குறைந்த கருக்கால வயதும் குறைந்த பிறப்பு எடையும். ‘நான் முன்னதாகப் பெற்றதால்தான் கண் போச்சா?’ என்று அவர் கேட்டால் நம் சொல்லும் அதற்குப் பொறுப்பு.

இன்னொன்று, ‘ஆபத்து’ என்றதும் தவிர்க்க வேண்டியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆக்சிஜனைப் பாருங்கள். 1942-ல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்த நோயை விவரித்தபோது ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1951-ல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர் ஆக்சிஜன் மிகுதியைச் சுட்டிக்காட்டினார். பின் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்ததும் எங்கும் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுக்குத் திணறிய குழந்தைகளின் சாவு கூடியது. 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்விலும் இதே இழுபறிதான். இரத்த ஆக்சிஜன் செறிவை 91–95 விழுக்காட்டில் வைத்த குழந்தைகளைவிட 85–89-ல் வைத்தவர்களிடம் கடுமையான கண்நோய் குறைவு, இறப்பு அதிகம். உயிர் காக்கும் மருந்தை ‘ஆபத்து’ என்று அச்சடித்துத் தர எனக்கு மனம் வரவில்லை.

> இடர்கூட்டி எப்படி? சுருக்கமாக இருக்கிறது. எதிர்ச்சொல்லும் எளிது: இடர்குறைப்பி.

அழகான சொல், முதலில் பார்த்தபோது இதற்கே ஓட்டுப் போட நினைத்தேன். ஆனால் ‘கூட்டி’ என்றால் அந்தப் பொருள்தான் இடரைக் கூட்டுகிறது என்றாகிறது. இரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தைகளிடம் இந்த நோய் அதிகம் காணப்படுகிறது. ஏற்றிய இரத்தம்தான் அதற்குக் காரணமா, இரத்தம் தேவைப்படும் அளவுக்கு அந்தக் குழந்தை நலிந்திருந்ததுதான் காரணமா என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. கிருமித்தொற்று, மூச்சுத்திணறல், பிறந்த பிறகு எடை ஏறாமல் நிற்பது எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

ஆக்சிஜன் விஷயம் வேறு. அதன் வழி தெரிந்திருக்கிறது. விழித்திரை இரத்தக்குழாய்கள் கருவின் 16-வது வாரவாக்கில் பார்வை நரம்பின் முனையிலிருந்து வளரத் தொடங்கி, விளிம்பை எட்ட ஏறக்குறைய 40 வாரம் ஆகிவிடும். 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. கருப்பையோடு ஒப்பிட்டால் வெளிக்காற்றிலேயே ஆக்சிஜன் அதிகம், அதற்கு மேலும் கொடுத்தால் குழாய்களை வளரத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப். புரதம் அடங்கி, வளர்ச்சி நின்றுபோகிறது. சில வாரம் கழித்து விழித்திரை முதிர முதிர அதற்கு ஆக்சிஜன் பற்றாமல் போகிறது. அப்போது அதே புரதம் அளவுக்கு மீறிச் சுரந்து, குழாய்கள் தாறுமாறாக முளைக்கின்றன. முற்றினால் அவை விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடும்.

ஆகவே என் பரிந்துரை, பொதுச்சொல்லாக இடர்க்கூறு. காரணமாகவும் இருக்கலாம், வெறும் அடையாளமாகவும் இருக்கலாம் என்ற இடைவெளியை அது விட்டுவைக்கிறது. ஆக்சிஜன் போல வழி தெரிந்தவற்றுக்கு மட்டும் இடர்கூட்டியை வைத்துக்கொள்வோம், நல்ல சொல்லை வீணாக்க வேண்டாம்.

நோயின் பெயருக்கு ‘முதிராமை விழித்திரையழிவு’ என்று ஒரு முன்மொழிவு இருக்கிறது. அதை வலுவாக மறுக்கிறேன். தொடக்க நிலையில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே அடங்கிவிடுகிறது, அதற்கு ‘அழிவு’ என்று பெயரிட்டால் பீதிதான் மிச்சம். டெர்ரி காலத்துப் பெயரான ‘ரெட்ரோலென்டல் ஃபைப்ரோபிளேசியா’வும் இப்படித்தான், கண்ணின் வில்லைக்கு (லென்ஸ்) பின்னால் தெரிந்த நார்த்திசுவை, அதாவது நோயின் கடைசிக் கட்டத்தை, வைத்து அமைந்தது. நீரிழிவு விழித்திரை நோய் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதன் இணையாக குறைமாத விழித்திரை நோய் போதும். ஆர்.ஓ.பி. என்ற சுருக்கத்தையும் பக்கத்திலேயே போட வேண்டும், மருத்துவர் வாயில் அதுதான் வரும்.

‘பிறவி’ என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. பிறந்த அன்று இந்த நோய் இருக்காது, வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். பிறவிநோய் என்று நினைத்துவிட்டால் ‘அன்றைக்கே பார்த்தாச்சே’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். சிகிச்சை தேவை என்று முடிவானால் லேசரோ கண் ஊசியோ 2, 3 நாட்களுக்குள் நடந்தாக வேண்டும்.

முடியாமல் கிடப்பது ஒன்று. 28 வாரத்தில் பிறந்து 4 வாரமான குழந்தைக்கு ‘32 வாரம்’ என்று கணக்கிடுகிறார்களே, அந்த வயதுக்கு என்ன சொல்வது? ‘கருக்கால வயது’ பிறந்தபோதே நின்றுவிடுகிறது, ‘திருத்திய வயது’ என்பது முதலில் எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுவது. பரிசோதனை நாளைக் குறிப்பதே இந்தக் கணக்கில்தான் என்பதால் தெளிவாக இருக்க வேண்டும். ‘கருமுதல் வயது’ என்று எனக்குத் தோன்றுகிறது, முழுத் திருப்தி இல்லை. குழந்தை வார்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், பெற்றோரிடம் இதை எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.