சின்ன யுஎஸ்பி - சீரியல் பலகை: எங்கெங்கே பிழை வரும்?

கணினியின்ர யுஎஸ்பியை மைக்ரோகொன்ரோலரின்ர (சின்னக் கணினிச் சிப்பின்ர) சீரியல் கோட்டோட இணைக்கிற பலகையை நாங்களே வரைஞ்சு செய்தால் எதைக் கவனிக்கோணும்? மூண்டு பேர் சொல்லினம்.

கோண்டாவிலிலிருந்து:
யுஎஸ்பியைச் சீரியலா மாத்திற சிப்தான் சிஎச்340, அதில பல வகை இருக்கு. இடம் மிச்சம் பிடிக்கோணும் எண்டால் சிஎச்340ஜி வேண்டாம். அதுக்கு வெளியில 12 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலும் ரெண்டு 22 பிகோஃபராட் கப்பாசிற்றரும் வைக்கோணும். சிஎச்340என் எட்டுக் கால் சிப், கடிகாரம் உள்ளுக்கே இருக்கு, கையாலயே சோல்டர் பிடிக்கலாம். ஆனா கட்டுப்பாட்டுக் கால்களில ஆர்ரிஎஸ் மட்டும்தான் அதில இருக்கு, டிரிஆர் கால் இல்லை. ஈஎஸ்பி32 மைக்ரோகொன்ரோலர் தானா புரோகிராம் நிலைக்குப் போக ரெண்டும் வேணும். அந்த வேலைக்கு 16 கால் சிஎச்340சி எடுங்கோ.

கனபேர் பிழை விடுற இடம் சிப்பின்ர வி3 எண்ட கால். சிப்புக்கு 5 வோல்ட் குடுத்தால் வி3 இலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபராட் கப்பாசிற்றர் மட்டும். 3.3 வோல்ட் எண்டால் வி3 ஐ விசிசியோட (பவர் காலோட) சேர்த்துவிடோணும். 5 வோல்டில சேர்த்தால் சிப் போயிடும். பலகை சீனாவிலயிருந்து திரும்ப வந்து சேருமட்டும் காத்திருக்கிறதைவிட, ஓடர் போட முதல் இந்தக் காலை ரெண்டுதரம் பாருங்கோ.

பருத்தித்துறையிலிருந்து:
அண்ணை சொன்னதோட ரைப்-சி சொக்கெற்றையும் சேர்க்கோணும். அதின்ர சிசி1, சிசி2 கால்கள் ரெண்டிலயிருந்தும் தனித்தனியா 5.1 கிலோஓம் றெசிஸ்ரர் கிரவுண்டுக்கு. இதை வைக்காமல் விட்டால், ஒரு முனை ரைப்-ஏ, மறுமுனை ரைப்-சி ஆன பழைய வயரில வேலை செய்யும், ரெண்டு முனையும் ரைப்-சி ஆன வயரில பவரே வராது. சிப் பழுதெண்டு நினைச்சு கழட்டிப்போடுவீங்கள். தரவுக் கோடுகளான டி பிளஸ், டி மைனஸ் ஒவ்வொண்டும் சொக்கெற்றில ரெண்டு இடத்தில இருக்கு, டி பிளஸை டி பிளஸோடயும் டி மைனஸை டி மைனஸோடயும் இணையுங்கோ. 1.6 மில்லிமீற்றர் ரெண்டு அடுக்குப் பலகையில இந்தச் சோடிக் கோட்டுக்கு யுஎஸ்பி கேக்கிற 90 ஓம் மின்மறுப்பைப் பிடிக்கிறது கஷ்டம். வேகம் 12 மெகாபிற்தான், அதால ரெண்டு கோட்டையும் பக்கத்தில பக்கத்தில கொண்டுபோய், ரெண்டு சென்ரிமீற்றருக்குள்ள முடிச்சு, கீழ கிரவுண்டை வெட்டாமல் விட்டால் காணும். சொக்கெற்றின்ர கோதுக் கால்கள் துளைக்குள்ள இறங்கிற வகையா எடுங்கோ, இல்லாட்டி இழுவையில பலகையின்ர பாட் (சோல்டர் பிடிக்கிற செப்புத் தகடு) உரிஞ்சு வரும்.

குருநகரிலிருந்து:
இன்னும் ரெண்டு விஷயம். இதோட இணைக்கிற மற்றப் பலகைக்குத் தனிப் பவர் இருந்தால், யுஎஸ்பியைக் கழட்டின பிறகும் அந்தப் பலகையின்ர ரிஎக்ஸ் (அனுப்புற) கோட்டால மின்சாரம் எங்கட சிப்புக்குள்ள கசியும். திரும்பச் செருகேக்க சிப் ஒழுங்கா றீசெற் ஆகாது. ரிஎக்ஸ், ஆர்எக்ஸ் (வாங்கிற கோடு) ரெண்டிலயும் 1 கிலோஓம் றெசிஸ்ரரைத் தொடரில வையுங்கோ. செக்கனுக்கு 115200 பிற் வேகத்துக்கு அது ஒரு இடைஞ்சலும் இல்லை.

கடற்கரைப் பக்கம் பாவிக்கிற பலகை எண்டால் சோல்டர் பிடிக்கேக்க மிஞ்சின ஃபிளக்ஸ் பசையை ஐசோபுறப்பைல் அல்ககோலால கழுவி, நல்லா காயவிட்டு அக்றிலிக் பூச்சு அடியுங்கோ. பூச்சு அடிக்க முதல் சொக்கெற்றை ரேப்பால மூடுங்கோ. ஃபிளக்ஸ் மிச்சமிருந்தால் உப்புக்காத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு கால்களுக்கிடையில பச்சை பிடிக்கும்.