ஒரே சர்ச்ல இடது பக்கம் வட்ட ஆர்ச், வலது பக்கம் கூர் ஆர்ச், ஏன் இப்படி?

மழைமேகம்:
போன ஞாயித்துக்கிழமை இங்கிலாந்துல ஒரு கிராமத்து சர்ச்சுக்குள்ள போனேன், சுத்தி முப்பது வீடு கூட இருக்காது ஆனா சர்ச் அவ்ளோ பழசு. பீடத்தைப் பாத்து நின்னா இடது கைப்பக்கம் குட்டையான உருண்டைத் தூண், மேல அரைவட்ட ஆர்ச். வலது கைப்பக்கம் ஒல்லித் தூண், ஆர்ச் மேல கூரா முடியுது. ரெண்டும் நேருக்கு நேர் நிக்குது, பொருந்தவே இல்ல, ஆனா கண்ணை எடுக்க முடியல. அப்புறம் பீடத்துக்கு முன்னாடி பெரிய ஆர்ச் ஓரமா பத்தடி உயரத்துல ஒரு குட்டிக் கதவு, ஏறப் படியே இல்ல. அதுக்குக் கீழ சுவத்துல சாய்வா ஒரு ஓட்டை. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன், ரெண்டு நாளா இதே நெனப்பு.

கல்தச்சன்:
இடது பக்கம்தான் மூத்தது. 1066ல பிரான்ஸ்லேந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தைப் பிடிச்சப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அரைவட்ட ஆர்ச்சுதான், 12ம் நூற்றாண்டு கடைசியிலதான் கூர் ஆர்ச் பரவ ஆரம்பிச்சுது. முதல்ல அந்த சர்ச் ஒத்த ஹாலா இருந்திருக்கும், ரெண்டு பக்கமும் கெட்டிச் சுவர். பின்னாடி இடம் பத்தலன்னோ இன்னொரு பீடம் வைக்கணும்னோ ஒரு பக்கச் சுவத்தை உடைச்சு ஆர்ச் விட்டு வெளிய ஒரு பகுதியைச் சேத்துருப்பாங்க, இன்னொரு பக்கத்துக்குக் கையில காசு வர ரெண்டு தலைமுறை ஆயிருக்கும், அதுக்குள்ள கொத்தனார் ஸ்டைலே மாறிடுச்சு. ஆக நீங்க பாத்த தூண் வரிசை நிக்கிற கோடுதான் பழைய வெளிச்சுவர். கூரையைப் பிரிக்காம கீழ மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குடைஞ்சு தூண் நிறுத்துறதும் உண்டு, அப்படி இருந்தா ஆர்ச்சுக்கு மேல இருக்கற சுவர் தூணை விடப் பழசு! சில எடத்துல அந்தச் சுவத்துல பாதி வெட்டுப்பட்ட பழைய ஜன்னல் கூடத் தெரியும், அண்ணாந்து பாருங்க.

பழையபீடம்:
அந்த ஓட்டைக்குப் பேரு ஸ்க்விண்ட். பக்கத்துப் பீடத்துல இருக்கறவங்களுக்குப் பெரிய பீடத்துல பூசையில நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டுறது தெரியணும்னு சாய்வா வெட்டினது. குனிஞ்சு கண்ணை வச்சுப் பாத்தா நேரா பீடத்துலதான் போய் நிக்கும். அந்தக் கதவு, முன்னாடி அங்க மரத்தால செஞ்ச ஒரு மாடம் இருந்துச்சு, மேல பெரிய சிலுவை, ரெண்டு பக்கமும் மாதாவும் யோவானும். அதுல ஏறப் போற வழிதான் அது. 1548ல சிலைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு, 1561ல எலிசபெத் ராணி காலத்துல மாடத்தையே இறக்கச் சொல்லிட்டாங்க. கதவு மட்டும் அந்தரத்துல தங்கிடுச்சு. எனக்கு அதைப் பாக்கறப்பல்லாம் மனசு கனத்துப் போகும். பீடத்துக்கு வலது பக்கச் சுவத்துல சின்னக் கிண்ணம் மாதிரி இருந்துச்சா?

மழைமேகம்:
ஆமா அக்கா, நடுவுல ஓட்டையோட! உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

பழையபீடம்:
அதான் பிசீனா. பூசைப் பாத்திரம் கழுவின தண்ணி கண்ட எடத்துல போகக் கூடாதுன்னு அது வழியா நேரா மண்ணுக்குள்ள விட்டாங்க.

செங்கல்சூளை:
ஒண்ணு சேத்துக்கங்க. கூர் ஆர்ச்னாலே 13ம் நூற்றாண்டுன்னு எழுதிடாதீங்க, 19ம் நூற்றாண்டுல விக்டோரியா காலத்துக்காரங்க ஏகப்பட்ட சர்ச்சுகளை அதே ஸ்டைல்ல புதுசாக்கினாங்க. ஓரமெல்லாம் மழுங்காம, கல்லெல்லாம் ஒரே சீரா இருந்தா சந்தேகப்படுங்க. சுவத்துச் சுண்ணத்தைச் சுரண்டி எடுத்ததும் அப்பத்தான், அதைப் பொறுக்காமதான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877ல பழைய கட்டடங்களைக் காப்பாத்த ஒரு சங்கமே ஆரம்பிச்சாரு. இன்னொண்ணு, அந்தக் காலத்துல பீடப் பகுதியை ரிப்பேர் பண்றது ரெக்டர் (சர்ச்சோட தசமபாக வருமானம் வாங்கறவர்) பொறுப்பா இருந்துச்சு, ஜனங்க நிக்கற ஹால் ஊர்க்காரங்க பொறுப்பு. அதனாலயே ரெண்டும் வேற வேற தரத்துல இருக்கும்.

மழைமேகம்:
இன்னிக்கு வேலை முடிஞ்சு மறுபடி போனேன். கல்தச்சன் அண்ணே, இடது பக்கம் ரெண்டாவது ஆர்ச்சுக்கு நேர் மேல பாதி ஜன்னல் இருக்கு! கீழ்ப்பாதியை ஆர்ச் தின்னுடுச்சு, மேல்பாதி கல்லு வச்சு அடைச்சுருக்கு. அன்னிக்கு அதுக்கு நேர் கீழதான் நின்னுட்டு இருந்தேன்.